அம்மாவின் பழைய வாஷிங் மெஷின், டிரையர் மட்டும் சுற்றவில்லை, உதவுங்கள்

வணக்கம். 1996-ல் அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கிய இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக் மெஷின், பழைய இரும்புக்குப் போட மனசே வரவில்லை. துவைக்கும் பக்கம் பெல்ட் மாற்றியதும் சரியாகிவிட்டது. டிரையர்தான் உம்மென்று உறுமுகிறதே தவிர சுற்ற மாட்டேன் என்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியை மூடிவைத்து, பின்பக்கம் வழியாகக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது, அதனால் பிரேக் பிடித்திருக்காது, மோட்டார் சுற்ற உதவும் கெபாசிட்டர்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அதன் மேல் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. துவைக்கும் மோட்டாருக்கு உள்ள அளவு இதற்கு ஒத்துவராது என்பதால் கண்டதைப் போட்டு மோட்டாரைப் புகைய விடப் பயமாக இருக்கிறது. சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம் டிரையர் தொட்டிக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீலும் கிழிந்து மோட்டார் மேல் தண்ணீர் சொட்டுகிறது. மதுரைப் பக்கம் பழைய மாடலுக்கு அது எங்கே கிடைக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.