புதுப்பிப்பு: ஜிஜிப்பா, சென்ட்ஃபைலா? விடை கிடைத்தது

என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரில், கோப்புகளைச் சுலபமாக அனுப்பும் சென்ட்ஃபைல் வசதியை ஆன் செய்தும், பெரிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் போகும்போதெல்லாம் சிபியு எகிறுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா, குற்றவாளி நான்தான். அனுப்பும் கோப்புகளைச் சுருக்கும் ஜிஜிப்பின் லெவலை, அதாவது எவ்வளவு இறுக்கிச் சுருக்குவது என்பதை, 9-இல் வைத்திருந்தேன் (எதுவும் தொடாமல் விட்டால் அது 1).

சென்ட்ஃபைல் என்றால் கோப்பைக் கெர்னலே (இயங்குதளத்தின் மையப்பகுதி) நேராக சாக்கெட்டுக்கு, அதாவது நெட்வொர்க் இணைப்புக்குத் தள்ளிவிடும், நடுவில் என்ஜின்எக்ஸ் அதைத் தொடுவதே இல்லை. சுருக்க வேண்டுமானால் தொட்டுத்தானே ஆக வேண்டும்? அதனால் ஜிஜிப் நுழைந்ததும் சென்ட்ஃபைலின் லாபம் போய்விடுகிறது, அதோடு யார் கேட்டாலும் என்ஜின்எக்ஸ் அதே கோப்பை முதலிலிருந்து மறுபடி மறுபடி சுருக்கிக்கொண்டிருந்தது, பாவம்.

இப்போது ஜிஜிப் ஸ்டேட்டிக், அதாவது முன்கூட்டியே சுருக்கி வைத்த நகலை அனுப்பும் முறை. டிப்ளாய் செய்யும்போதே (கோப்புகளை சர்வரில் ஏற்றும்போதே) ஒரே ஒருமுறை லெவல் 9-இல் சுருக்கி, மூலக் கோப்பின் பக்கத்திலேயே அந்தச் சுருக்கிய ஜிஇசட் (.gz) நகலை வைத்துவிடுகிறேன். சுருக்கமும் உண்டு, சென்ட்ஃபைலும் உண்டு. ஜேபெக் படங்களைச் சுருக்குவதையும் நிறுத்திவிட்டேன், ஏற்கெனவே சுருங்கியதை என்னத்தைச் சுருக்க!

ஒரு அசடு வழிந்த கதையும் உண்டு. செவ்வாய்க்கிழமை சிஎஸ்எஸ்ஸை சர்வரிலேயே திருத்திவிட்டு, பொத்தான் நிறம் ஏன் மாறவில்லை என்று அரைமணி நேரம் பிரவுசர் கேஷைத் திட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஜிஇசட் நகல் அப்படியே உட்கார்ந்திருந்தது. மூலம் மாறியதா என்று என்ஜின்எக்ஸ் பார்க்காது, நகல் இருந்தால் அதைத்தான் கொடுக்கும்.

அப்புறம், ஹெச்டிடிபிஎஸ்ஸில் கெர்னல் டிஎல்எஸ் (குறியாக்கத்தைக் கெர்னலே செய்யும் வசதி) இல்லாவிட்டால் சென்ட்ஃபைல் எப்படியும் வேலைக்கு வராது. அதை அடுத்து பார்க்க வேண்டும்.