கயாக்கில் ஸ்மால்மௌத் பிடிக்க ஆறு தேடுவது எப்படி?

கேள்வி:
போன வருடம் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகு) வாங்கினேன். இதுவரை ஏரியில் மட்டும்தான் தூண்டில் போட்டிருக்கிறேன், இந்தக் கோடையில் ஆற்றில் ஸ்மால்மௌத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். யாரைக் கேட்டாலும் சஸ்குவஹானா ஆறு என்கிறார்கள், ஆனால் ஹாரிஸ்பர்க் பக்கம் அது கிட்டத்தட்ட ஒரு மைல் அகலம், தனி ஆளாக எங்கே இறங்கி எங்கே கரையேறுவது என்றே தெரியவில்லை. ஓர் ஆற்றைப் பார்த்ததும் இங்கே மீன் நிற்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில் 1:
தம்பி, முதலில் ஜூனியாட்டாவுக்குப் போங்கள். சஸ்குவஹானாவில் கலக்கும் ஆறுதான், ஆனால் அகலம் குறைவு, கரை எப்போதும் கண்ணில் இருக்கும். ஆற்றின் பெயரை விட அடியில் என்ன கிடக்கிறது என்பதுதான் முக்கியம். ஸ்மால்மௌத்துக்குக் கல் வேண்டும், ஓட்டம் வேண்டும், ஓரளவு தெளிந்த தண்ணீர் வேண்டும், ஏனென்றால் அது விரும்பித் தின்னும் கிரேஃபிஷ் (இறால் மாதிரி இருக்கும் நன்னீர் உயிரி) கல்லிடுக்கில்தான் ஒளிந்திருக்கும். சேற்றுத் தரையாக மெதுவாகப் போகும் இடத்தில் நான் நேரத்தை வீணாக்க மாட்டேன். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குறுக்கே வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்தால் அங்கே தண்ணீர் கல்லில் மோதிச் சலசலக்கிறது, அதற்குக் கீழே கருத்துத் தெரிவது மடு. அந்த இரண்டும் சேரும் இடத்தில், பாறைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கி நிற்கும் இடமாகப் பார்த்து ட்யூப் ஜிக்கை (ஈயத் தலையுள்ள கொக்கியில் மாட்டிய மெத்தென்ற குழாய் வடிவச் செயற்கை இரை) போடுங்கள். அது கல் கல்லாகத் தட்டிக்கொண்டு உருள்வது கையில் தெரியும், திடீரென்று அந்தத் தட்டல் நின்று கயிறு பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் வாயில் போட்டுவிட்டது, உடனே இழுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் கிளம்பும் முன் நீர்வரத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) வைத்த அளவுமானிகள் பெரும்பாலான ஆறுகளில் இருக்கின்றன, விநாடிக்கு எத்தனை கன அடி என்று இணையத்திலேயே தெரியும். எல்லா ஆற்றுக்கும் பொருந்தும் எண் என்று ஒன்று கிடையாது. நான் ஒவ்வொரு முறை போகும்போதும் அன்றைய எண்ணையும், கயாக் எங்கெங்கே தரை தட்டியது, தண்ணீர் என்ன நிறம் என்பதையும் நோட்டில் எழுதி வைக்கிறேன், இரண்டு கோடை போனதும் எண்ணைப் பார்த்தே போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடிகிறது. மழைக்குப் பிறகு எண் ஏறிக்கொண்டே இருந்தால் வீட்டில் இருங்கள். இறங்கித் தெளியும்போது போனால் நல்ல வேட்டை.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. ஒரே கார்தான் இருக்கிறது, கீழே போய்ச் சேர்ந்த பிறகு காருக்கு எப்படித் திரும்புவது?

பதில் 3:
கரையேறும் இடத்தில் முதலிலேயே ஒரு சைக்கிளைப் பூட்டி வையுங்கள், அதில் மிதித்துப் போய்க் காரை எடுத்து வரலாம். தூண்டில் போட்டுக்கொண்டே போனால் ஒரு நாளைக்கு ஆறேழு மைல் போதும், அதற்கு மேல் திட்டமிட்டால் கடைசியில் நல்ல மடுவை எல்லாம் தாண்டித் துடுப்புப் போட வேண்டியிருக்கும். மீன்பிடி உரிமம் போக, மாநில மீன் மற்றும் படகு ஆணையத்தின் படகுத்துறையில் இறங்கினால் மோட்டார் இல்லாத கயாக்குக்கும் அனுமதி வேண்டும்.

அப்புறம் தடுப்பணை. பார்க்க இரண்டடி உயரச் சுவர் மாதிரிதான் இருக்கும், மேலிருந்து வரும்போது கண்ணுக்கே தெரியாது, ஆனால் அதன் கீழே சுழலும் தண்ணீர் ஆளைப் பிடித்தால் விடாது. ஹாரிஸ்பர்க்கின் டாக் ஸ்ட்ரீட் தடுப்பணையில் பலர் இறந்திருக்கிறார்கள். போகும் வழியில் எங்கே அணை இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அதற்கு வெகு முன்பே கரையேறிவிடுங்கள். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கயாக்கில் லைஃப் ஜாக்கெட் அணிவது பென்சில்வேனியாவில் சட்டம். நான் ஜூலையிலும் கழற்றுவதில்லை.