ஒப்பந்தம் தொலைந்துபோன கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்கலாமா?

நண்பர்களே, வணக்கம். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகளை எங்கள் மாணவர்களே படிக்க முடியவில்லை. இதழ்ச் சந்தா அவ்வளவு உயர்ந்துவிட்டது. இது என்னை மிகவும் உறுத்துகிறது. கட்டுரையை எழுதியவரே அதைத் திறந்த களஞ்சியத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணையச் சேமிப்பகத்தில், சேர்க்கலாம் என்று 2002இலேயே ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று கோரிய புடாபெஸ்ட் அறிக்கை சொன்னது. அதை நம்பித்தான் டிஸ்பேஸ் மென்பொருளில் ஒரு களஞ்சியம் தொடங்கினோம்.

சிக்கல் பதிப்புரிமையில். மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட, பதிப்பாளர் இன்னும் வடிவமைக்காத கைப்பிரதியை எப்போது வெளியிடலாம் என்பது இதழுக்கு இதழ் மாறுகிறது. இன்றைய விதிகளை இணையத்தில் பார்த்துவிடலாம். பழைய கட்டுரைகளுக்கோ பதிப்பாளருடன் கையெழுத்திட்ட ஒப்பந்தமே ஆசிரியர்களிடம் இல்லை. இவற்றை நீங்கள் எப்படிக் கையாண்டீர்கள்? பதிப்பாளரிடம் அனுமதி கேட்கும் கடித மாதிரி இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். பேராசிரியர்களிடமிருந்து கைப்பிரதியை வாங்க எந்த வழி பலித்தது என்பதையும் சொல்லுங்கள்.