தொலைபேசி எண் புலம்: தட்டச்சு செய்யும்போதே வடிவமைப்பது சரியா?

கேள்வி:
வணக்கம். பல நாட்டவர் பயன்படுத்தும் பதிவுப் படிவம் ஒன்றை எழுதி வருகிறேன். தொலைபேசி எண்ணில் சரியாகப் பத்து இலக்கங்கள் இருக்க வேண்டும் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உள்ளீட்டின் வடிவத்தைச் சோதிக்கும் விதி) வைத்திருந்தேன். நாட்டுக் குறியீட்டுடன் எண்ணை ஒட்டுபவர்களுக்கெல்லாம் பிழைச் செய்திதான் வருகிறது. எழுத எழுத இடைவெளி சேர்க்கும் ஜாவாஸ்கிரிப்டும் உண்டு. நடுவில் ஓர் இலக்கத்தைத் திருத்தினால் கர்சர் கடைசிக்கு ஓடிவிடுகிறது. இவற்றைச் சரிசெய்து தொடரலாமா, அல்லது அணுகுமுறையையே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
அணுகுமுறையை மாற்றுங்கள். பயனர் எழுதும் வடிவமும் நாம் சேமிக்கும் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எண்ணுவதால்தான் இரண்டு சிக்கல்களும் வருகின்றன. இடைவெளி, இணைப்புக்கோடு, அடைப்புக்குறி என அவர் எதை இட்டாலும் ஏற்றுக்கொண்டு, சர்வரில் அவற்றை நீக்கி, இ.164 (E.164) என்ற சர்வதேசத் தொலைபேசி எண் வடிவத்தில் சேமியுங்கள். அதாவது கூட்டல் குறி, ஒன்று முதல் மூன்று இலக்கம் வரையிலான நாட்டுக் குறியீடு, அதன்பின் உள்நாட்டு எண். குறியீடும் சேர்த்து 15 இலக்கங்களுக்கு மேல் போகாது. தரவுத்தளத்தில் அது எழுத்துச் சரமாகவே இருக்கட்டும். தொலைபேசி எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ யாரும் போவதில்லை.

முன்னாலுள்ள பூச்சியத்தை நீங்களாகவே வெட்டிவிடாதீர்கள். பிரிட்டன் எண்ணுக்கு வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது அதை விட்டுவிட வேண்டும். இத்தாலியின் தரைவழி எண்களிலோ அதை வைத்தே அழைக்க வேண்டும். இத்தகைய விதிகளைக் கையால் எழுதி மாளாது என்பதால், கூகுளின் லிப்ஃபோன்நம்பர் (libphonenumber) என்ற ஆயத்த நிரல் நூலகத்தைப் பயன்படுத்துவதே நல்லது.

மறுமொழி 2:
எண்ணை எழுதும் பெட்டியான புலத்தின் வகையையும் (type) பாருங்கள். 'நம்பர்' வகையை வைத்தால் சில பிரவுசர்களில் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே எண் மாறிவிடும். தொலைபேசி எண்ணுக்கான 'டெல்' (tel) வகை கைப்பேசியில் எண் விசைப்பலகையைக் கொண்டுவரும். ஆனால் அது தானாக எதையும் சரிபார்ப்பதில்லை. எத்தனை எழுத்துகள் வரை இடலாம் என்று வரம்பிடும் 'மேக்ஸ்லெங்த்' (maxlength) பண்பை இறுக்கமாக வைத்தால், இடைவெளிகளுடன் ஒட்டப்படும் எண்ணின் வால் சத்தமில்லாமல் வெட்டுப்படும். தொடர்புப் பட்டியலிலிருந்து நகலெடுக்கும்போது எழுத்து ஓடும் திசையை (இடமிருந்து வலம், வலமிருந்து இடம்) குறிக்கும், கண்ணுக்குத் தெரியாத திசைக்குறி எழுத்துகளும் சில நேரம் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு முறை அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று.

கேட்டவர்:
மிக்க நன்றி. அந்த நூலகத்தில் 'சாத்தியமான எண்', 'செல்லுபடியாகும் எண்' என இரண்டு சோதனைகள் உள்ளனவே; எதைக் கொண்டு படிவத்தைத் தடுப்பது?

மறுமொழி 1:
முதலாவதைக் கொண்டு மட்டும் தடுங்கள். அது நீளத்தைத்தான் பார்க்கிறது. இரண்டாவது, ஒதுக்கப்பட்ட எண் வரிசைகளுடன் ஒப்பிடுகிறது. ஒரு நாட்டில் புதிய வரிசை திறக்கப்பட்டு, உங்களிடம் நூலகத்தின் பழைய பதிப்பு இருந்தால், உண்மையான எண்ணையே பொய்யென்று சொல்லிவிடும். ஆகவே அதில் தேறாத எண்ணுக்கு, 'எண்ணை ஒரு முறை சரிபாருங்கள்' என்ற குறிப்பைக் காட்டிவிட்டு, சமர்ப்பிக்க விடுங்கள். இரண்டிலும் தேறிய எண்கூட உபயோகத்தில் இருக்கிறதா, அவருடையதுதானா என்பது ஓடிபி அனுப்பினால்தான் தெரியும்.

நாட்டைத் தனிப் பட்டியலில் கேளுங்கள். 1 என்ற குறியீட்டை அமெரிக்காவும் கனடாவும் கரீபியன் நாடுகள் பலவும் பகிர்ந்துகொள்வதால், குறியீட்டை மட்டும் வைத்து நாட்டை ஊகிக்க முடியாது. கர்சர் சிக்கலுக்கு, பயனர் புலத்தைவிட்டு நகர்ந்த பிறகு மட்டும் வடிவமைத்தால் போதும்.