ஆத்தா மேல போட்ட பழியும் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரும்

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஊருணி தூர் வார்றதைப் பத்திப் போன வாரம் பேச்சு ஓடினப்ப, ஷார்ஜா மாப்பிள்ளை நடுவுல ஒரு கேள்வி போட்டிருந்தார். "சிங்கப்பூர்ல கண்மாயும் இல்ல, கிணறும் இல்ல. தண்ணிய எப்படி மாமா மிச்சம் பண்றீங்க?"

நாட்டுக் கணக்கைச் சுருக்கமாச் சொல்லிடலாம். பக்கத்து மலேசியாவோட ஜொகூர்லேருந்து குழாய்ல வர்ற தண்ணி, மழையைப் பிடிச்சு வைக்கிற நீர்த்தேக்கம், கழிவுநீரைச் சுத்தம் பண்ணி எடுக்கிற புதுநீர், உப்பு நீக்கின கடல்தண்ணி, ஆக நாலு. ஜொகூரோட இருக்கிற ஒப்பந்தம் 2061 வரைக்கும்தான்கிறதால மத்த மூணையும் விழுந்து விழுந்து பெருக்குறாங்க. வீட்டுக் கணக்குதான் நீளம். அதுல என் மானமும் கொஞ்சம் போயிருக்கு.

ஆத்தா இங்க வந்து மூணு மாசம் இருந்துச்சு. வந்த முதல் நாளே கேட்டது, "பைப்புல எத்தனை மணிக்குத் தண்ணி விடுவான்?" எந்நேரமும் வரும்னு சொன்னேன். நம்பல. மறுநாள் விடிஞ்சு பாத்தா அடுப்படியில ரெண்டு வாளி, ஒரு அண்டா, என் மக பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோற பாட்டில் வரைக்கும் நிரம்பி நிக்குது. மழைன்னா முத்தத்துல கிடாரத்தைத் தூக்கி வச்ச கை அது. சும்மா இருக்குமா?

ஆனா இங்க தண்ணியைப் பிடிச்சு வைக்கிறதுதான் வம்பு. டெங்கிக் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்ல, தெளிஞ்ச தண்ணியே போதும். 20 காசு நாணயம் அகலத்துக்குத் தேங்கினாலே முட்டை போட்டுடும், ஒரு வாரத்துல கொசுவாப் பறந்துடும். ஆத்தா காரிடார்ல கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில தட்டு வச்சு, வடியுற தண்ணி வீணாப் போகக்கூடாதுன்னு அதுலயே விட்டு வச்சிருந்துச்சு. கொசு சோதனைக்கு வந்த அம்மா டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. புழு இல்ல, அபராதத்துலேருந்து தப்பிச்சோம். போறப்ப ஒரு விஷயம் சொல்லிட்டுப் போனாங்க: வாளியைக் கவுத்தா மட்டும் பத்தாது, உள் விளிம்பைத் தேய்க்கணும். முட்டை அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கும், காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல சாகாது, திரும்பத் தண்ணி பட்டாப் பொரிஞ்சிடும். நான் இதைத் தமிழ்ல சொல்லச் சொல்ல ஆத்தா மூஞ்சி மாறிப்போச்சு. "அப்ப நம்ம வீட்டுத் தொட்டியெல்லாம்?"னு கேட்டுச்சு. ஊர்ல இருக்கிறவங்க இந்த விளிம்பு சமாச்சாரத்தை மட்டும் மறக்காதீங்க.

அதுக்கப்புறம் வீட்டுல ஒரே சட்டம்: பிடிச்ச தண்ணி அன்னைக்கே செலவாகணும். அரிசி களைஞ்சது, கீரை அலசினது எல்லாம் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும். வாஷிங் மெஷினோட கடைசி அலசல் தண்ணி, தரை துடைக்கவும் கக்கூஸுக்கு ஊத்தவும். சோப்பு கலந்ததைச் செடிக்கு ஊத்துறதில்ல. ஆத்தா மட்டை உரிச்ச தேங்காய் நாரைத் தேடி அலைஞ்சு, நம்மாளுங்க கடை இருக்கிற தேக்கா மார்க்கெட்ல கெஞ்சி வாங்கிட்டு வந்து தொட்டி மண்ணு மேல பரப்பிச்சு. தினம் ஊத்திக்கிட்டிருந்த தொட்டிக்கு இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். வெயில் ஏறுறதுக்கு முந்தி ஊத்திடணும், அவ்வளவுதான்.

இப்ப மானம் போன கதை.

ரெண்டாவது மாசம் பில் வந்துச்சு. நாங்க நாலு பேர் இருக்கிறப்ப மாசம் 17 கனமீட்டர் ஆகும், ஒரு கனமீட்டர்னா 1,000 லிட்டர். இங்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 141 லிட்டர்னு 2023 கணக்கு, அந்தச் சராசரிதான் நாங்களும். 2030க்குள்ள 130 ஆக்கணும்னு அரசாங்கம் சொல்லுது. ஆத்தாவையும் சேர்த்தா 21 வரலாம். வந்தது 29. பில்லுல அக்கம்பக்கத்து வீடுகளோட சராசரியையும் போட்டிருப்பான், அதைப் பாத்ததும் இன்னும் வெட்கமாப் போச்சு. நான் யோசிக்கவே இல்ல. "ஆத்தா, நீ வாளி வாளியா மொண்டு ஊத்துறியே, அதான்"னு சொல்லிட்டேன். ஆத்தா பதில் பேசல. மறுநாள்லேருந்து ஒரே வாளியில குளிச்சிருக்கு. அது எனக்கு அப்பத் தெரியாது.

எங்க அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்துல தினம் உக்காந்திருக்கிற பெரியவர்கிட்ட இதைச் சொல்லிப் புலம்பினேன். 1963ல இங்க வறட்சி வந்து பத்து மாசம் ரேஷன்ல தண்ணி விட்டப்ப, சின்னப் பையனா டின்னைத் தூக்கிட்டு வரிசையில நின்னவர் அவர். "குளிக்கிற தண்ணிய அளந்தியா?"ன்னார். அளக்கல. அன்னைக்கு ராத்திரி ஷவருக்குக் கீழ வாளியை வச்சு ஒரு நிமிஷம் திறந்துவிட்டேன். 9 லிட்டர். என் மக பத்து நிமிஷம் நிப்பா, 90 லிட்டர். ஆத்தாவுக்கு ரெண்டு வாளியே ஆனாலும் 40 தாண்டாது.

பெரியவர் சொன்ன அடுத்த வைத்தியம்தான் முக்கியம். கக்கூஸ் ஃப்ளஷ் தொட்டி மூடியைத் தூக்கி ஏதாச்சும் கலரைக் கலந்துட்டு, தண்ணி இழுத்துவிடாம இருபது நிமிஷம் காத்திருன்னார். வீட்டுல இருந்தது கேசரிப் பவுடர்தான். ஒரு சிட்டிகை போட்டேன். இருபது நிமிஷம் கூட ஆகல, கக்கூஸ் பேசின்ல ஆரஞ்சுக் கோடு. தொட்டி அடியில இருக்கிற ரப்பர் வாஷர் தேஞ்சு, ராப்பகலா சத்தமே இல்லாம ஒழுகியிருக்கு. பில்லுல கூடுதலா வந்த 8 கனமீட்டர்னா 8,000 லிட்டர். 2025 ஏப்ரல் விலையில கனமீட்டர் 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 24 காசு, ஜிஎஸ்டி தனி. அதாவது 26 வெள்ளியைக் கக்கூஸ்ல கரைச்சிருக்கேன். ஆத்தாவுக்கு வெள்ளிக் கணக்கு பிடிபடாது, குடக் கணக்குல சொன்னேன்: 15 லிட்டர் குடம் இங்க 5 காசு, நம்ம காசுக்கு மூணு ரூபாய்க்கு மேல. "எத்தனை குடம்டா போச்சு?"ன்னுச்சு. ஐந்நூறுக்கு மேலன்னேன். தலையில கை வச்சு உக்காந்துருச்சு. பழி போட்டதுக்கு நான் மன்னிப்புக் கேட்டது அதோட காதுல விழவே இல்ல.

இதை ஏன் எழுதுறேன்னா, ஊர்ல நாம கட்டிப் பூட்டி வச்சிருக்கிற வீடுகளை நினைச்சாப் பயமா இருக்கு. எல்லாத்துலயும் மாடியில டேங்க், எல்லாத்துலயும் வெஸ்டர்ன் டாய்லெட். ஃப்ளோட் வால்வு மாட்டிக்கிச்சா, வாஷர் போச்சான்னு யார் பாக்குறா? விளக்குப் போட வர்ற ஆள் மோட்டாரைப் போட்டுட்டுப் போயிடுறார். ஊருணிக்கு இங்க வசூல் பண்ணிக்கிட்டிருக்கோம், போர்த்தண்ணி அங்க ஒழுகிக்கிட்டிருக்கும்.

அடுத்து ஊருக்குப் போறவங்க கேசரிப் பவுடர் பாக்கெட் ஒண்ணு எடுத்துட்டுப் போய் அவங்கவங்க வீட்டுல போட்டுப் பாருங்க. எங்க புது வீட்டையும் சேர்த்துப் பாத்துட்டா உபகாரம். ஆத்தா பழைய வீட்டுலதான் இருக்கு, சாவி அதுகிட்ட. கேசரிப் பவுடர்னு சொன்னாப் போதும், சிரிச்சுக்கிட்டே கூட வரும்.