காணாமல் போன மாமாவின் கடைசி நாளை எழுதி வைக்க விரும்புகிறேன், எப்படித் தொடங்குவது?

களுவாஞ்சிக்குடி மகள்:

'வித்அவுட் எ ட்ரேஸ்' என்ற அமெரிக்கத் தொடரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 2002 முதல் 2009 வரை ஏழு சீசன்கள் ஓடியது. நியூயோர்க்கில் காணாமல் போனவர்களைத் தேடும் எஃப்பிஐ பிரிவு ஒன்றின் கதை. ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒருவர் தன் பாட்டில் ஏதோ வேலையில் இருப்பார், படத்திலிருந்து அப்படியே மங்கி மறைந்துவிடுவார். பிறகு ஜாக் மெலோனும் அவருடைய ஆட்களும் வெள்ளைப் பலகையில் ஒரு நீளக் கோடு போடுவார்கள். கடைசியாகக் கண்டது எத்தனை மணிக்கு, கண்டவர் யார், அதன் பிறகு எங்கே என்று கோடு நிரம்பிக்கொண்டே போகும். நிரம்பாத இடத்தைத்தான் அவர்கள் விடாமல் துருவுவார்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது. நான் பக்கத்திலிருந்து கதை சொல்வேன். ஒருமுறை அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு இப்படி ஒருவரும் எழுதவில்லையே, மகள்" என்றார். அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

மாமா 1990இல், போர் நடந்த காலத்தில், ஆவணி மாதத்தில், மண்டூரிலிருந்து ஓடத்தில் ஏறி மட்டக்களப்பு வாவியின் மறுகரையிலுள்ள குருமண்வெளித் துறைக்கு வந்தார். களுவாஞ்சிக்குடியில் அம்மம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும். சைக்கிளையும் ஓடத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். துறையில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். மருந்துக்கடைக்கு அவர் வந்து சேரவில்லை. இடையில் இருப்பது கொஞ்சத் தூரம்தான்.

அம்மா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருக்கிறார்: முறைப்பாட்டுப் பிரதிகள், செஞ்சிலுவையிலிருந்து வந்த கடிதம், அடையாள அட்டையின் மங்கிய நகல், ஒரு படம். படம் யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. மாமாவை மட்டும் வெட்டி எடுத்ததில் பக்கத்தில் நின்றவரின் தோளும் சட்டைக் கையும் சேர்ந்து வந்திருக்கின்றன. எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் பெயர், வயது, முகவரி, "கொண்டு செல்லப்பட்டார்" என்ற ஒரு வரி. அந்த நாள் எதிலும் இல்லை.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் தாங்குவாரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

துறையடி:

மகள், நான் பல காலம் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன். தாங்குவாரா என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். நான் கண்ட தாய்மார் யாரும் பேசியதால் உடைந்து போகவில்லை. கேட்க வந்தவர்கள் இரண்டாவது வசனத்திலேயே நிறுத்தி, "சரி அம்மா, அடுத்தது" என்று சொன்னபோதுதான் உடைந்தார்கள்.

திகதி கேட்காதீர்கள். நம்முடைய பெரியவர்களின் நினைவில் கலண்டர் இல்லை. மண்டூர் முருகன் கோயில் தீர்த்தத்திற்கு முன்பா, பின்பா? வேளாண்மை வெட்டியாயிற்றா? அன்று வீட்டில் என்ன கறி? ஓடத்தில் கூட வந்தவர் யார்? இப்படிக் கேளுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திகதியைப் பிறகு நீங்களே கண்டுகொள்ளலாம்.

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் வேறு வேறு பக்கங்களில் எழுதுங்கள். இது மிக முக்கியம். நான் பார்த்த கோப்புகளில் பாதி, யாரோ சொன்னதை யாரோ கண்டதாக எழுதியதால் கெட்டுப் போனவை. உடலில் இருந்த அடையாளங்களையும் கேளுங்கள்: முறிந்து பொருந்திய எலும்பு, விழுந்த பல், தழும்பு, இடுப்பில் கட்டியிருந்தது, கழுத்தில் போட்டிருந்தது. கைத்தொலைபேசியில் பதிவு செய்வதென்றால், முதலில் திகதியையும் இடத்தையும் வாயால் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

தம்பிலுவில்:

மனம் வருந்தக்கூடாது, எனக்கு அந்தத் தொடர் பிடிக்காது. முக்கால் மணித்தியாலத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அங்கே அதிகாரிகள் வீட்டுக்கு வந்து தாயின் முன் உட்கார்ந்து கேட்கிறார்கள். எங்கள் தாய்மார்தான் இராணுவ முகாம் முகாமாக, கச்சேரி கச்சேரியாக (மாவட்ட அரச அலுவலகம்), ஆணைக்குழு ஆணைக்குழுவாகப் போனார்கள். காணாமல் போனோரைப் பற்றி விசாரிக்க அரசு 1994இல் அமைத்த ஆணைக்குழுவிடம் சொன்னார்கள், 2013இல் நியமித்த ஆணைக்குழுவிடம் சொன்னார்கள், 2018இல் வேலை தொடங்கிய காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்திலும் சொன்னார்கள். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். பட்டியல் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. எழுதாததால் வந்த வினையா இது? இன்னொரு கொப்பி எழுதி அந்த அம்மாவுக்கு நம்பிக்கை ஊட்டுவது நியாயமா என்று யோசியுங்கள்.

காத்தான்குடி நானா:

தங்கச்சி, தம்பிலுவில் சொல்வதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் எழுதுங்கள் என்றே நான் சொல்வேன். என் வாப்பாவின் நானா (அண்ணன்) 1990 யூலையில் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டு போகப்பட்டவர்களில் ஒருவர். அவர்களைப் புதைத்ததாகச் சொல்லப்படும் இடத்தைத் தோண்டும் விடயம் பல வருடங்களுக்குப் பிறகு களுவாஞ்சிக்குடி நீதிமன்றம் வரை வந்தபோது, யார் எந்த வாகனத்தில் வந்தார், என்ன உடுத்திருந்தார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. கண்டவர்கள் மவுத்தாகிவிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தது பெயர் மட்டும். உங்கள் தாய் இருக்கிறார். இந்த வாரமே தொடங்குங்கள்.

பாண்டிருப்பு:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004 சுனாமியின்போது, பெற்றோர் யாரென்று தெரியாமல் கல்முனை ஆதார வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை, 'குழந்தை 81', உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோர் யார் என்பதை 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனைதான் உறுதிப்படுத்தியது. எலும்புகளை அடையாளம் காண்பதற்கும் உடன்பிறந்தவர்களின் மாதிரி உதவும். அம்மாவும் அவருடைய சகோதரிகளும் உயிருடன் இருக்கிறார்கள் என்பதையும் யார் எங்கே வசிக்கிறார் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தகரத்தில் இருக்கும் காகிதங்களையும் படமெடுத்து இன்னொரு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். எங்கள் வீட்டு ஆவணம் எல்லாம் அந்த ஒரு காலையில் கடலோடு போனது.

களுவாஞ்சிக்குடி மகள்:

எல்லோருக்கும் நன்றி. தம்பிலுவில், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நம்பிக்கைக்கு இல்லை மகள், அவன் எப்படிப் போனான் என்று உன் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்" என்றார். அதன் பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார்.

அன்று காலையில் மாமா சைக்கிளின் பின்சில்லுக்குக் காற்றடித்தாராம். பம்பின் வாய் சரியில்லை என்று அம்மா ஒரு துணித்துண்டு கிழித்துக் கொடுத்தாராம். இது எந்த முறைப்பாட்டிலும் இல்லை. எனக்கே இப்போதுதான் தெரியும்.

சிக்கல் ஒன்று. நீலக் கோடு போட்ட சட்டை என்று அம்மா சொல்கிறார். வெள்ளை என்று மண்டூரில் இருக்கும் சின்னம்மா தொலைபேசியில் சொல்கிறார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். எதை எழுதுவது?

துறையடி:

இரண்டையும் எழுதுங்கள், சொன்னவர் பெயரோடு. அவர்களை ஒரே இடத்தில் இருத்தி முடிவு செய்யச் சொல்லாதீர்கள். ஒருவர் மற்றவருக்காக நினைவை மாற்றிக்கொள்வார். சின்னம்மாவிடம் தனியாகப் போய், அவர் அன்று எங்கே நின்று கண்டார் என்று கேளுங்கள். வீட்டு வாசலிலா, ஓடக்கரையிலா? ஓடக்கரையில் கண்டிருந்தால், அந்த ஓடத்தில் இன்னும் யார் இருந்தார்கள் என்பதே உங்கள் அடுத்த கேள்வி.