ஜெர்மன் குடியுரிமை வாங்கின அன்னைக்கு உங்களுக்கு என்ன நடந்தது?

கரூர்க்காரி:
ஸ்டுட்கார்ட், 2024 நவம்பர். 33 கேள்வித் தேர்வு, காத்திருப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்க. விழாவோட கடைசியில எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லி தேசிய கீதம் போட்டாங்க. எனக்கு ஸ்கூல் பழக்கம். ஜன கண மனவுக்கு நின்ன மாதிரியே விறைப்பா நின்னு சத்தமாப் பாடினேன். பக்கத்துல ஒரு சிரியாக்காரர் அழுதுட்டே பாடினார். எனக்குத் துணையா வந்தவங்க எங்க கீழ்வீட்டுப் பாட்டி. ரிட்டையர்ட் டீச்சர், 9 வருஷமா எனக்கு ஜெர்மன் சொல்லிக் குடுத்தவங்க. எழுந்து நின்னாங்க, ஆனா வாயைத் திறக்கல. கைப்பையை இறுக்கிப் பிடிச்சுட்டு தரையையே பார்த்துட்டு இருந்தாங்க.

டிராம்ல வர்றப்ப கேட்டேன். 1938ல பிறந்தவங்க. "ஹிட்லர் காலத்துல, 7 வயசு வரைக்கும் இந்த மெட்டுக்குக் கை நீட்டிப் பாடியிருக்கேன். இப்ப மூணாவது பத்தி மட்டும்தான் கீதம்னு தெரியும். மெட்டு அதேதானே"ன்னாங்க. அப்புறம் பேசவே இல்ல. சொந்த நாட்டுப் பாட்டுக்கு ஒருத்தர் வாய் மூடி நின்னு நான் பார்த்ததே இல்ல. நான் பாடினது அவங்களுக்கு வலிச்சிருக்குமோ?

ரூர்க்கரை:
தங்கச்சி, நான் 85இல கிழக்கு பெர்லினில வந்து இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தனான். எங்கட ஆக்கள் கனபேர் அப்பிடித்தான் வந்தவை. வாய் மூடி நிக்கிறது எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். 83க்குப் பிறகு இலங்கைத் தேசிய கீதம் எனக்கு வாயில வரேல்ல. 2016 பெப்ரவரி 4, கொழும்பில சுதந்திர தின விழாவில தமிழில பாடினவை. 1949க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நான் டோர்ட்முண்டில கணினியில பாத்துக்கொண்டு இருந்தனான். ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்து எத்தினையோ வருசம். என்னை அறியாமல் எழும்பி நிண்டிட்டன். மகள், "ஏனப்பா எழும்பினீங்கள்?" எண்டாள். இண்டைக்கும் அவளுக்குப் பதில் சொல்லேல்ல. 2020இல அந்த விழாவில தமிழில பாடுறதை நிப்பாட்டிப்போட்டினம்.

மன்னை மைந்தன்:
அக்கா, எனக்கு அந்தப் பாட்டி மேல கோபம்தான் வருது. 2006ல இங்க நடந்த கால்பந்து உலகக் கோப்பையில ஊரெல்லாம் கொடி கட்டினாங்களே, அதோட இந்தத் தயக்கமெல்லாம் போயிடுச்சுன்னுதானே இங்க சொல்றாங்க? புதுசா ஒருத்தர் குடும்பத்துக்குள்ள வர்றப்ப வீட்டுப் பெரியவங்களே வாயை மூடிக்கிட்டா எப்படி? என் கதை சின்னது. ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அப்ப இனிமே ஓட்டுப் போட வரமாட்டியா?"ன்னு கேட்டாங்க அம்மா.

இன்னொண்ணு, இதைப் படிக்கிற எல்லாருக்கும். 2024 ஜூன் 27லேர்ந்து ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்குதுன்னு நம்பி இந்தியப் பாஸ்போர்ட்டைப் பீரோவுல வெச்சிருக்காதீங்க. ஜெர்மனி விட்டாலும் இந்தியா விடாது. 1955 குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவு. நாமளா விரும்பி வேற குடியுரிமை வாங்கினா இந்தியக் குடியுரிமை தானாப் போயிடும். அதுக்கப்புறம் அந்தப் பாஸ்போர்ட்ல பயணம் பண்ணினா அபராதம். முதல்ல அதை ஒப்படைச்சுச் சான்றிதழ் வாங்குங்க, அப்புறம் ஓசிஐக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கிற அட்டைக்கு, விண்ணப்பம் போடுங்க. ஓசிஐ அட்டைக்கு ஓட்டு கிடையாது. வயல் வாங்க முடியாது, பரம்பரைச் சொத்தா வந்தா வெச்சுக்கலாம். பட்டா, பத்திர நகல் எல்லாத்தையும் இப்பவே எடுத்து வைங்க. தள்ளிப்போடாதீங்க.

கரூர்க்காரி:
தம்பி, விவரத்துக்கு நன்றி, ஆனா நான் கேட்டது அது இல்ல. பாட்டியைத் தப்பா நினைக்காதீங்க. மறுநாள் காலையில அவங்களே படியேறி வந்து ஒரு சின்னப் புத்தகம் குடுத்தாங்க. 1949ல எழுதின அடிப்படைச் சட்டம், அதாவது ஜெர்மனியோட அரசியலமைப்பு. விழாவுலயே எனக்குப் புதுசு ஒண்ணு குடுத்திருந்தாங்க. இது அவங்களோடது, அட்டை கிழிஞ்சு ஒட்டுப் போட்டது. முதல் பிரிவுல பென்சில் கோடு. மனிதரின் மாண்பு மீற முடியாதது.

"இதைச் சத்தமாப் படி"ன்னாங்க. வாசல்லயே நின்னு படிச்சேன். அவங்களும் கூடவே சொன்னாங்க, புத்தகத்தைப் பார்க்காம.